யேல் கல்லூரிக்கு முதலில் இடம் கொடுத்த சிற்றூர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் எலிஹு யேலைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அவருடைய மகன் டேவிட்டின் கல்லறையில் தொடங்கி, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து அவர் சேர்த்த செல்வத்தையும், முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளால் பதவி இழந்ததையும் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில், மதராஸில் சேர்ந்த பணத்தால் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு கல்லூரி எழுந்தது என்று முடித்திருப்பது சரியல்ல. யேல் அனுப்பிய சரக்கு 1718-ல் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்தக் கல்லூரிக்கு வயது 17. அதற்குள் அது மாணவர்களுக்குப் பட்டம் வழங்கியிருந்தது; ஒரு தலைவரை இழந்திருந்தது; பெயர் சொல்லத்தக்க நூலகம் ஒன்றையும் சேர்த்திருந்தது. அந்த ஆண்டுகளில் அதற்கு இடம் கொடுத்த சேப்ரூக் என்ற சிற்றூரின் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட வரவில்லை. அந்த ஊரின் கதை தெரியாமல் யேலின் நன்கொடைக்கு உரிய அளவைக் கணிக்க முடியாது என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கனெக்டிகட் ஆறு அட்லாண்டிக்கை ஒட்டிய லாங் ஐலண்ட் நீரிணையில் கலக்கும் இடத்தில், ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது சேப்ரூக். அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்கள் அல்கோன்கிய மொழிகளைப் பேசிய பழங்குடியினர். ஐரோப்பியர்களில் முதலில் கண் வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1633-ல் அவர்கள் ஆற்று முகத்துவாரத்தில் நிலம் வாங்கியதாகச் சொல்லி, தங்கள் அரசின் சின்னத்தை ஒரு மரத்தில் அறைந்துவிட்டுப் போனார்கள். ஆற்றின் வாயைக் கையில் வைத்திருப்பவனுக்கே உள்நாட்டிலிருந்து வரும் பீவர் தோல் வணிகம் முழுவதும் சேரும் என்பது அவர்கள் கணக்கு. ஆங்கிலேயரின் கணக்கும் அதுவேதான்.

ஆங்கிலேயர் தரப்பில் இந்த நிலத்துக்கு உரிமை கோரியவர்கள் அதைப் பார்த்ததுகூட இல்லை. 1632-ல் வார்விக் பிரபு எழுதிக் கொடுத்த ஒரு பட்டயம், கடற்கரையோரமாக நெடுந்தொலைவு நிலத்தை, மேற்கே பசிபிக் பெருங்கடல் வரையிலும் நீட்டி, சேய் அண்ட் சீல் பிரபு, புரூக் பிரபு உள்ளிட்ட சில பியூரிட்டன் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய கிறித்தவப் பிரிவு) பெரிய மனிதர்களுக்கு வழங்கியது. அந்த இரு பிரபுக்களின் பட்டப் பெயர்களையும் சேர்த்துத்தான் ஊருக்குச் சேப்ரூக் என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் முதலாம் சார்ல்ஸ் மன்னரோடு ஒத்துப்போகாத இவர்கள், நிலைமை முற்றினால் குடியேறுவதற்கு அட்லாண்டிக்கின் மறுகரையில் ஓரிடம் வேண்டும் என்று எண்ணினார்கள். கடலூரில் இருந்து எழுதுகிற எனக்கு இந்தப் பட்டயத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர் புனித டேவிட் கோட்டை நினைவுக்கு வரும். 1690-ல் யேலின் ஆட்சியில் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் அதில் சேரும் என்று ஏற்பாடு; அதனால் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. பீரங்கிக்காவது ஓர் எல்லை உண்டு. வார்விக் பட்டயத்துக்கு அதுவும் இல்லை.

1635-ல் மாசசூசெட்ஸ் ஆளுநரின் மகனான ஜான் வின்த்ராப் இளையவரை இந்தப் பிரபுக்கள் தங்கள் சார்பில் ஆளுநராக நியமித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அவர் அனுப்பிய இருபது பேர் ஆற்று முனையில் இறங்கி, டச்சுச் சின்னத்தைப் பிடுங்கி எறிந்து, இரண்டு பீரங்கிகளைக் கரையில் நிறுத்தினார்கள். சில நாட்களில் வந்த டச்சுக் கப்பல் அவற்றைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. கோட்டை கட்ட வந்தவர் லயன் கார்டினர் என்ற பொறியாளர். நெதர்லாந்தில் ஆரஞ்சு இளவரசரின் படையில் பணியாற்றியவர். ஆண்டுக்கு 100 பவுன் சம்பளத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். கோட்டை வேலைக்கு 200 பேர், உழவுக்கு 50 பேர், வீடு கட்ட 50 பேர் என 300 பேர் வருவார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். வந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஆண், பெண், பிள்ளைகள் எல்லாம் சேர்த்துக் கோட்டையில் இருந்தது 24 பேர் என்றும், இரண்டு மாதத்துக்குக்கூட உணவு கையிருப்பில் இல்லை என்றும் கார்டினர் பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

இந்த நிலையில்தான் போர் வந்தது. அதைச் சேப்ரூக் தேடிப் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜான் ஓல்டம் என்ற வணிகர் 1636 ஜூலையில் பிளாக் தீவின் அருகே கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, மாசசூசெட்ஸ் அரசு எண்டிகாட் தலைமையில் 90 பேர் கொண்ட படையை அனுப்பியது. அவர்கள் பீக்வாட் என்ற பழங்குடி மக்களின் குடில்களையும் விளைச்சலையும் எரித்துவிட்டுப் பாஸ்டனுக்குத் திரும்பிப் போவார்கள், அதன் விளைவை இங்கே இருக்கும் நாங்கள்தான் அனுபவிப்போம் என்று கார்டினர் முன்கூட்டியே தடுத்துப் பேசினார். எவரும் கேட்கவில்லை. 1636 இலையுதிர் காலம் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தம் வரை பீக்வாட் வீரர்கள் கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். வைக்கோல் எடுக்கவோ மரம் வெட்டவோ வெளியே போனவர்கள் உயிரோடு திரும்புவது உறுதியில்லை என்றானது. கார்டினரே அம்பு பட்டுக் காயமடைந்தார்.

1637 மே மாதத்தில் ஆற்றின் மேற்பகுதிக் குடியிருப்புகளான ஹார்ட்ஃபர்ட், வின்ட்சர், வெதர்ஸ்ஃபீல்ட் ஆகியவை சேர்ந்து 90 பேரைத் திரட்டி, ஜான் மேசன் தலைமையில் அனுப்பின. அவர்களோடு அங்கஸ் என்ற தலைவரின் மொகிகன் வீரர்களும் வந்தார்கள். சேப்ரூக் கோட்டையில் ஆயத்தம் செய்துகொண்டு கிளம்பிய இந்தப் படை, மே 26 விடியற்காலையில் மிஸ்டிக் என்ற இடத்தில் மரவேலி சூழ்ந்த பீக்வாட் ஊருக்குத் தீ வைத்து, வெளியே ஓடிவந்தவர்களைச் சுட்டும் வெட்டியும் கொன்றது. ஒரு மணி நேரத்துக்குள் மாண்டவர்கள் 400-க்கும் குறையாதவர்கள். பெண்கள், முதியவர், குழந்தைகள் அதில் பெரும்பான்மை. பிடிபட்டவர்களில் பலர் அடிமைகளாகப் பங்கிடப்பட்டார்கள். சிலர் கடல் கடந்து விற்கப்பட்டார்கள். 1638-ல் ஹார்ட்ஃபர்டில் கையெழுத்தான உடன்படிக்கை, பீக்வாட் என்ற பெயரை எவரும் சொல்லிக்கொள்ளவே கூடாது என்று விதித்தது. அந்தப் பெயர் அழியவில்லை: மஷன்டக்கட் பீக்வாட் மக்களை அமெரிக்க அரசு 1983-ல் முறையாக அங்கீகரித்தது.

அடிமை வணிகத்தைப் பற்றிக் கட்டுரையாளர் யேலின் மதராஸ் நாட்களை ஒட்டி எழுதியது நியாயமானதே. யேல் பல்கலைக்கழகமும் அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புகளுக்காக 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்தக் கணக்கு மதராஸில் மட்டும் தொடங்கவில்லை. கல்லூரி நின்ற முனையிலேயே, கல்லூரிக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

எதிர்பார்த்த பிரபுக்கள் எவரும் வரவில்லை. மன்னரை எதிர்த்த ஆலிவர் கிராம்வெல்லும் ஜான் ஹாம்டனும் இங்கே குடியேற இருந்தார்கள் என்று ஒரு செவிவழிக் கதை ஊரில் வெகுநாள் நிலவியது; அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. அந்தக் கூட்டத்திலிருந்து உண்மையில் வந்து குடியிருந்தவர் ஜார்ஜ் ஃபென்விக் ஒருவர்தான். 1639-ல் மனைவி ஆலிஸோடு வந்தார். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு, நாடாளுமன்றக் கட்சியின் கை ஓங்கியதும் பிரபுக்களுக்கு அடைக்கலம் தேவையற்றுப் போயிற்று. 1644 டிசம்பரில் ஃபென்விக் கோட்டையையும் நிலத்தையும் கனெக்டிகட் குடியேற்றத்துக்கு விற்றுவிட்டார். விலையாக அவர் கேட்டது, ஆற்று வாயைக் கடந்து போகும் தானியம், பிஸ்கோத்து, தோல் ஆகியவற்றுக்குப் பத்து ஆண்டுகள் வரை சுங்கம். ஆற்றின் மேலே மாசசூசெட்ஸ் ஆட்சியில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட், எங்களுக்கு எந்தப் பயனும் தராத கோட்டைக்கு நாங்கள் ஏன் கட்டவேண்டும் என்று மறுக்க, இரண்டு குடியேற்றங்களுக்கும் இடையே ஒரு சுங்கப் போரே நடந்தது. மாசசூசெட்ஸ் பதிலுக்குப் பாஸ்டன் துறைமுகத்தில் கனெக்டிகட் சரக்குக்குத் தீர்வை விதித்தது. மாநிலங்களுக்கிடையே ஆற்றை வைத்து வரும் வழக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

கோட்டையாக இருந்த இடம் ஊராக மாறியது இதற்குப் பிறகுதான். 1648-ல் நிலங்களை அளந்து, ஆய்ஸ்டர் ஆற்றுப் பகுதி, போட்டபாக் பகுதி, ஆற்றுக்கு அக்கரைப் பகுதி என்று பிரித்துக் குடும்பங்களுக்குப் பங்கிட்டார்கள். நியூ இங்கிலாந்தின் ஊர்கள் வளர்ந்த முறையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அங்கே ஊர் என்பது ஒரு திருச்சபை. அந்தத் திருச்சபையின் கூட்ட வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்து வரமுடியாத தொலைவில் குடும்பங்கள் பெருகினால் அவை தனிச் சபை கேட்கும். சபை கிடைத்தால் அடுத்துத் தனி ஊர் கேட்கும். அக்கரைப் பகுதி 1665-ல் இணக்கமாகப் பிரிந்து லைம் என்ற ஊராயிற்று. அதற்கு முன்பே, 1660 வாக்கில், மேசனும் பாதிரியார் ஜேம்ஸ் ஃபிட்சும் சேப்ரூக் குடும்பங்கள் பலவற்றை அழைத்துக்கொண்டு போய், அங்கஸிடமிருந்து பெற்ற நிலத்தில் நார்விச் ஊரை நிறுவினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செஸ்டர், வெஸ்ட்புரூக், எசெக்ஸ் எல்லாம் அடுத்தடுத்துப் பிரிந்தன. அதே நூற்றாண்டின் நடுவில் ஆற்று முனையில் இருந்த மூல ஊரே தனியாகப் பிரிந்து ஓல்ட் சேப்ரூக் ஆனது. சேப்ரூக் என்ற பழைய பெயர் எஞ்சிய உட்பகுதிக்குப் போய், அதுவும் 1947-ல் டீப் ரிவர் என்று மாற்றப்பட்டுவிட்டது. தாய்க்கு அடைமொழி வந்து, பெயர் மகளுக்குப் போன வேடிக்கை இது.

இனிக் கல்லூரிக்கு வருகிறேன். கனெக்டிகட் சட்டமன்றம் 1701 அக்டோபரில் கல்லூரிக்கு அனுமதி அளித்தது. அடுத்த மாதம் அறங்காவலர்களான பாதிரியார்கள் சேப்ரூக்கில் கூடி, ஏபிரகாம் பியர்சனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, கல்லூரி சேப்ரூக்கில் இயங்கும் என்று முடிவு செய்தார்கள். பியர்சனின் சபையாரோ அவரைக் கில்லிங்வர்த் ஊரைவிட்டு அனுப்ப மறுத்துவிட்டார்கள். அதனால் 1707-ல் அவர் இறக்கும்வரை மாணவர்கள் அவர் வீட்டிலேயே படித்தார்கள். அதன்பின் சேப்ரூக் முனையில், நதானியேல் லிண்ட் என்பவர் கொடுத்த வீட்டிலும் நிலத்திலும், இளம் ஆசிரியர்களின் பொறுப்பில் கல்லூரி நடந்தது. புதிய தலைவரான சாமுவேல் ஆண்ட்ரூவும் தன் சபையை விட்டு வராமல் மில்ஃபர்டிலேயே இருந்தார். 1708-ல் கனெக்டிகட் திருச்சபைகளின் பிரதிநிதிகள் இங்கே கூடி வகுத்த சேப்ரூக் ஒழுங்குமுறை என்ற அமைப்பு விதிகள், ஏறக்குறைய அந்த நூற்றாண்டு முழுவதும் அந்த மாநிலத்தின் சபைகளைக் கட்டுப்படுத்தின. கனெக்டிகட்டில் அச்சான முதல் நூலும் அதுதான். அந்தக் காலத்தில் இந்த முனை ஒரு தலைநகரத்துக்கு உரிய மரியாதையோடு இருந்தது என்பதை இதைக் கொண்டு ஊகிக்கலாம்.

1714-ல் லண்டனில் இருந்த ஜெரமையா டம்மர் என்ற குடியேற்றத்தின் முகவர், 800-க்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டி சேப்ரூக்குக்கு அனுப்பினார். ஐசக் நியூட்டன் தன் நூல்களையே கொடுத்தார். எலிஹு யேலின் முதல் நன்கொடையும் இந்தப் பெட்டிகளில்தான் வந்தது. ஆகவே யேலின் கை முதலில் நீண்டது நியூ ஹேவனை நோக்கி அல்ல. தூரத்து ஊர்களில் ஆசிரியர்கள், போதாத தங்குமிடம், பெரியம்மை பரவல் என்று காரணங்கள் சேர்ந்து மாணவர்கள் 1716-ல் ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள். ஹார்ட்ஃபர்டும் நியூ ஹேவனும் கல்லூரிக்காகப் போட்டியிட, பணமும் நிலமும் கூடுதலாகத் திரட்டிய நியூ ஹேவன் வென்றது. அங்கே கட்டடம் பாதியில் நின்றபோதுதான் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் 1718 ஜனவரியில் யேலுக்குக் கடிதம் எழுதி, உங்கள் பெயரைக் கல்லூரிக்கு வைக்கலாம் என்ற ஆசையைக் காட்டினார். யேல் அனுப்பியது ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம். காலிகோ, மஸ்லின் முதலான துணிகளை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. பாதியில் நின்ற ஒரு கட்டடத்தை முடித்த பணம் அது. ஒரு கல்லூரியை நிறுவிய பணம் என்று சொல்வது மிகை.

சேப்ரூக் மக்கள் இதை அமைதியாக ஏற்கவில்லை. நூல்கள் இன்னும் அவர்கள் ஊரில், இறந்துபோன அறங்காவலர் தாமஸ் பக்கிங்ஹாமின் மகன் டேனியல் பக்கிங்ஹாமின் வீட்டில் இருந்தன; கேட்டபோது அவர் தர மறுத்தார். 1718 டிசம்பரில் ஆளுநர் சால்டன்ஸ்டாலே தன் ஆலோசனைச் சபையோடு சேப்ரூக் வந்து உத்தரவிட்டார். ஷெரிப் கதவைத் திறந்து நூல்களை எடுத்து வண்டிகளில் ஏற்றிக் காவல் வைத்தார். இரவோடு இரவாக வண்டிகள் உடைக்கப்பட்டன, மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டன, நியூ ஹேவன் போகும் பாதையில் பாலங்கள் தகர்க்கப்பட்டன. ஒருவழியாக நூல்கள் போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய 250 நூல்களும் கல்லூரியின் ஆவணங்கள் சிலவும் காணாமல் போயிருந்தன. நூலுக்காக ஓர் ஊரே கலகம் செய்தது என்று இதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லூரியைச் சார்ந்து பிழைத்த ஓர் ஊர், பிழைப்பு கைநழுவுவதைப் பார்த்துக் காட்டிய ஆத்திரமாகவே தோன்றுகிறது, அதுவும் புரிந்துகொள்ளக்கூடியதே.

கல்லூரி போன பிறகு ஊர் ஏன் பெருநகரமாகவில்லை என்ற கேள்விக்கு விடை ஆற்றிலேயே இருக்கிறது. கனெக்டிகட் ஆறு அடித்துவரும் மணல், முகத்துவாரத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் திட்டாகப் படிகிறது. அதனால் பெரிய கப்பல்கள் உள்ளே வருவது எப்போதும் ஆபத்து. அமெரிக்காவின் பெரிய ஆறுகளில் வாயில் துறைமுக நகரம் இல்லாத ஆறு இது. கோட்டைக்கு ஏற்ற இடம் என்று வின்த்ராப்பும் கார்டினரும் தேர்ந்தெடுத்த அதே முனை, துறைமுகத்துக்குப் பயன்படவில்லை. சிறு கப்பல்கள் கட்டுவது, ஷாட் மீன் பிடிப்பது, மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கால்நடையும் வெங்காயமும் ஏற்றிப் போய் ரம் மதுவும் சர்க்கரைப் பாகும் கொண்டுவருவது என்று ஆற்றோர ஊர்கள் பிழைத்தன. ஆற்றின் மேலே எசெக்ஸில் 1776-ல் கட்டிய போர்க்கப்பலுக்கு ஆலிவர் கிராம்வெல் என்று பெயர் வைத்தார்கள்; வராதவர் பெயரில் ஒரு கப்பலாவது வந்தது. அதே ஆண்டில் நியூயார்க் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பலைத் தாக்க முயன்ற ‘டர்ட்டில்’ என்ற நீர்மூழ்கியைச் செய்தவர் சேப்ரூக்கின் டேவிட் புஷ்னல், யேல் கல்லூரியின் மாணவர். 1814 ஏப்ரலில் பிரிட்டிஷ் மாலுமிகள் படகுகளில் ஆற்றுக்குள் நுழைந்து எசெக்ஸில் 25-க்கும் மேற்பட்ட கப்பல்களை எரித்தபோது, வழியில் இருந்த சேப்ரூக் கோட்டையில் காவலுக்கு ஒருவரும் இல்லை.

கோட்டையை இறுதியில் அழித்தது எதிரி அல்ல, ரயில். 1871-ல் ஹார்ட்ஃபர்டிலிருந்து முனை வரை பாதை போட்டபோது கோட்டைக் குன்றை வெட்டி எடுத்தார்கள். அங்கே இருந்த ஆலிஸ் ஃபென்விக்கின் கல்லறையும் இடம் பெயர்ந்தது. அதே ரயிலில் ஹார்ட்ஃபர்டின் காப்பீட்டு நிறுவனச் செல்வந்தர்கள் கோடை வீடுகள் கட்ட வந்தார்கள். ஃபென்விக் என்ற அந்தக் குடியிருப்பில்தான் நடிகை கேத்தரின் ஹெப்பர்ன் 2003-ல் காலமானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுஞ்சாலை வந்ததும், 1950-ல் 2,500-ஐ ஒட்டியிருந்த மக்கள்தொகை 1970-ல் 8,000-ஐத் தாண்டியது; 2020 கணக்கெடுப்பில் அது பத்தாயிரத்துச் சொச்சம். துறைமுகம் வளராததால் தப்பிய உப்புச் சதுப்புகள் 1994-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. கோட்டை இருந்த இடத்தில் கார்டினரின் சிலையும், கல்லூரி இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பாறையும் நிற்கின்றன. நியூ ஹேவனில் யேல் தன் மாணவர் விடுதிக் கல்லூரிகளில் ஒன்றுக்குச் சேப்ரூக் என்று பெயர் வைத்திருக்கிறது.

தங்கள் கட்டுரை நூலாக வெளிவர இருப்பதாக அதன் அடிக்குறிப்பில் கண்டேன். அப்போது கல்லூரி தொடங்கிய ஆண்டை 1701 என்று திருத்தி, 1718-க்கு முந்தைய ஆண்டுகளுக்காக ஒரு பக்கமாவது ஒதுக்கி, அதில் சேப்ரூக்கின் கதையைப் பீக்வாட் போரிலிருந்து தொடங்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கடலூர்.